செட்டில் வந்த குரல்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் வெள்ளவத்தையில் என் கையால் பாட்டு செட் பூட்டாத தொடர்மாடி இல்லை. அந்தத் துணிவோடுதான் அந்த மெலிந்த பென்ஷன்காரரின் வீட்டுக்கும் போனேன். எந்த வயரையும் சட்டைப் பையிலிருந்த கைலேஞ்சியால் துடைத்துவிட்டுத்தான் தொடுவார் அவர்.

கனடாவிலிருந்து மகன் ஃபோனுக்கு அனுப்பிய குரல்களை, காது மந்தமான மனைவி செட்டில் கேட்க வேண்டுமாம்.

“ஃபோனைச் செட்டில கொழுவ வேண்டாம், முதலாளி. குரலை மட்டும் இந்தச் சின்னப் பிளேயரில ஏத்தித் தாங்கோ” என்று வாசலிலேயே மெதுவாகச் சொன்னார்.

“இந்தக் காலத்தில பிளேயரோ? என்னட்ட விடுங்கோ அண்ணை” என்று சிரித்துக்கொண்டு ஃபோனையே கொழுவினேன்.

“அம்மா, சாப்பிட்டீங்களோ?” என்றது மகனின் குரல்.

“ஓமடா” என்றார் அந்த அம்மா, செட்டைப் பார்த்து.

அப்போது ஃபோன் அடித்தது.

“கோல் வந்தாலும் இதில கேக்கும், பாருங்கோ!” அவர் கை நீட்டுமுன் நான் அழுத்திவிட்டேன்.

அறை முழுக்க ஒரு பெண் குரல். “அண்ணை, உங்கட பெடியன்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஐயர் ஞாயிற்றுக்கிழமை வாறாராம். மச்சாளுக்கு இன்னும் சொல்லேல்லையோ?”

அவர் வயரைப் பிடுங்கினார். “ரோங் நம்பர்” என்றார் மனைவியிடம்.

“அது உங்கட தங்கச்சியெல்லோ” என்றார் அந்த அம்மா.

அவர் வயரின் நுனியை லேஞ்சியால் நெடுநேரம் துடைத்தார். பிறகு என்னோடு வாசல்வரை வந்தார்.

“தேத்தண்ணி குடிக்காமப் போறியளே” என்றார்.

ஏசியிருந்தால் அவரை எப்போதோ மறந்திருப்பேன்.