சூடு முன்னாலா, அழுத்தம் முன்னாலா

1. ஒட்டிக்கொண்ட வளையங்கள்

அன்று காலை அந்தோனியம்மாள் அக்கா சூட்டில் ரப்பரை அழுத்தி வேகவைக்கும் பிரஸ்ஸைத் திறந்தபோது வளையங்கள் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தன. நன்றாக வெந்த ரப்பரை விரலால் அமுக்கினால் திரும்பி எழும். இவை அமுங்கி அப்படியே கிடந்தன.

"என்னாடி இது, கேசரி மாதிரி இருக்கு?" என்றார் அக்கா.

செங் தொழிற்பேட்டையில் காருக்கு ரப்பர் வளையம் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. நான் அந்த லைனுக்கு லீடர். பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். ஆனால், கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் வகுப்பில் வாதாடும் ஒரு விஷயத்தை நாங்கள் கொதிக்கும் பிரஸ் முன்னால் நின்று வாதாடினோம். அதனால் எழுதுகிறேன்.

பழைய பிரஸ்ஸில் மூன்று திருகிகள் இருந்தன. இடமிருந்து அழுத்தம், சூடு, நிமிடம். புதிய பிரஸ்ஸுக்குத் திருகி கிடையாது. தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கும் எங்கள் சலீம் அண்ணன் அதற்கென்றே ஒரு சின்ன புரோகிராமிங் மொழியை எழுதியிருந்தார். பிரஸ் என்ற பங்ஷனை, அதாவது கட்டளையை, கூப்பிட்டு மூன்று எண்களைத் தர வேண்டும். முதலில் சூடு, அப்புறம் அழுத்தம், கடைசியில் நிமிடம். அந்த எண்களுக்கு ஆர்கியுமென்ட் என்று பெயர்.

160, 150, 12 என்று போட வேண்டிய இடத்தில் அக்கா 150, 160, 12 என்று போட்டிருந்தார். இரண்டும் மெஷினுக்கு ஒத்துப்போகும் எண்கள்தான். அதனால் அது மறுப்பு சொல்லவில்லை; சூடு குறைந்து ரப்பர்தான் வேகவில்லை.

பிரஸ் வேலையில் ஒரு மயக்கம் உண்டு. ஆவி மெல்ல எழும்பும், மோட்டார் ஒரே சுருதியில் முனகும், சன்னலுக்கு வெளியே லாரிகள் தண்ணீருக்குள் போவதுபோல் சத்தமில்லாமல் போகும். கை தன் பாட்டுக்கு வேலை செய்யும், மனம் எங்கேயோ மிதக்கும். அக்காவின் கை அந்த மிதப்பில் பழைய திருகிகளின் வரிசைக்கே போய்விட்டது.

மேனேஜர் வந்து பார்த்தார். "அக்காவுக்கு வயசாச்சு. திங்கள்லருந்து பேக்கிங்ல போட்டுடு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அச்சிலிருந்து ரப்பரைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். "பேக்கிங்ல போய் பிளாஸ்டிக் பைய ஒட்டிக்கிட்டு நிக்கணுமா? அதுக்கு நான் வீட்லயே இருந்திருவேன்லா" என்றார்.

2. பெயர் வைப்பதா வேண்டாமா

சலீம் அண்ணனோடு வேலை செய்பவள் திவ்யா. டுரியான் துங்கால் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவள். நான் விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல அண்ணே? ஆர்கியுமென்ட்டுக்குப் பேர் போட விடுங்க. சுஹு 160, தெக்கானான் 150ன்னு எழுதிட்டா எது முன்னாடி வந்தா என்ன?"

சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் மலாய்ச் சொற்கள் அவை. எங்கள் லைனில் எல்லாருக்கும் தெரிந்தவை.

"உனக்கென்னம்மா, ஈஸியா சொல்லிடுவே" என்றார் அண்ணன். "இன்னிக்கு புரோகிராமுக்குள்ள நான் என்ன பேர் வேணாலும் வச்சுக்கலாம், மாத்திக்கலாம். ஒருத்தருக்கும் தெரியாது. வெளியில சொல்லிக் கூப்பிட விட்டுட்டா அந்தப் பேர் அப்புறம் என்னுது இல்ல. நாளைக்கு மாத்தினா அத்தன பேர் எழுதி வச்சதும் உடையும்."

"மாத்தாதீங்க. நல்ல பேரா வைங்க."

"பிள்ளைக்கே நல்ல பேர் வைக்கத் தெரியாம மாமனார்கிட்ட விட்டவன் நான்."

திவ்யா சிரித்துவிட்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. மூன்றே மூன்று எண்களின் வரிசையை நினைவில் வைக்க முடியாதவருக்குப் பெயர் மட்டும் எப்படி நினைவிருக்கும் என்று கேட்டார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். அக்காவின் முகம் கண்ணுக்குள்ளேயே இருந்தது. என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

"அக்கா ஒரு தடவ பேர் போட்டு அடிச்சுப் பாக்கட்டுமே அண்ணே. திங்களுக்குள்ள."

அண்ணன் என்னை வியப்பாகப் பார்த்தார். நான் அவரிடம் அதுவரை சேர்ந்தாற்போல் அத்தனை வார்த்தை பேசியதில்லை.

3. அக்காவின் புகார்

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து அண்ணன் பெயர் போட்டு அடிக்கும்படி மாற்றிக் கொடுத்தார். மேனேஜரும் வந்து நின்றார். அக்கா ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். சுஹு என்று அடித்தார், நின்றார். தாளில் இருந்த அளவைப் பார்த்துவிட்டு 160 என்று போட்டார். தெக்கானான் என்று அடித்தார், மறுபடி நின்றார்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இது வேணாம் தம்பி. முன்னெல்லாம் கை தானா ஓடும், நான் பாட்டுக்கு எதையாச்சும் நெனச்சிக்கிட்டு இருப்பேன். இப்ப ஒவ்வொன்னுக்கும் என்னை எழுப்பி எழுப்பிக் கேக்குது. எரிச்சலா இருக்கு."

திவ்யாவின் முகம் வாடிப்போனது. அக்காவுக்காகத்தான் அவள் வாதாடியதே. அக்கா தன் இடத்தைத் தானே விட்டுக்கொடுக்கிறாரே என்று எனக்கும் பட்டது.

ஆனால் சலீம் அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "எழுப்புதா அக்கா?" என்று கேட்டார்.

"பின்ன? தூங்கவே விட மாட்டேங்குது."

"அப்ப இருக்கட்டும்" என்றார்.

அன்றே அண்ணனும் திவ்யாவும் முடிவு செய்துவிட்டார்கள். எண் ஒன்றுபோல் இருக்கிற சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் பெயர் போட்டே ஆக வேண்டும், போடாவிட்டால் மெஷின் ஓடாது. நிமிடத்துக்குப் பெயர் வேண்டாம், அந்தச் சின்ன எண்ணை யாரும் மாற்றிப் போடப்போவதில்லை. அக்கா அடித்து முடித்து எடுத்த வளையங்களை மேனேஜர் அமுக்கிப் பார்த்தார். எல்லாம் திரும்பி எழுந்தன. பேக்கிங் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவில்லை.

அண்ணன் அன்று வைத்த பெயர்களை இன்றுவரை மாற்ற முடியவில்லை. அந்த விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி.

புதிதாகப் பிரஸ்ஸுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கை தானாக ஓடுவது ஒரு சுகம், அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். வேலையின் பாதி இனிமை அதில்தான் இருக்கிறது. ஆனால் மாறிப்போனாலும் தெரியாத இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது, அங்கே மட்டும் எதுவோ ஒன்று உங்களை எழுப்ப வேண்டும். எரிச்சல் வந்தால் வரட்டும்.

அக்கா இன்னும் அந்தப் பிரஸ்ஸில்தான் இருக்கிறார். இப்போது அது கேட்கக் கேட்க வாய்விட்டே பதில் சொல்கிறார். "சுஹுவா? நூத்தி அறுபது, போதுமா? தெக்கானானா? இரு, வரேன்." ஆவிக்கு நடுவில் அந்தக் குரல் கேட்கும்போது, யாரோ வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.