சுரங்கமா, மீனா?

எங்கள் மாமா அளவுக்கு விளையாட நேரம் இருந்த ஒரு பெரிய மனிதரை நான் அந்தக் கோடைக்கு முன்பு பார்த்ததில்லை. அம்மாவின் தம்பியான அவருக்கு அவிநாசியில் ஒரு பனியன் கம்பெனி இருந்தது. வீட்டுக்குப் பின்னாலேயே நீளமான ஷெட். அதன் மூலையில் கண்ணாடித் தடுப்பு வைத்த ஆபீஸ் அறை. முந்தைய விடுமுறைகளில் மாமாவைச் சாப்பாட்டு நேரத்தில்கூட முழுதாகப் பார்க்க முடியாது. செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, சோற்றைப் பிசைந்தபடியே சரக்கு வாங்கும் யாரோ ஒரு பையரிடம் "யெஸ் சார், யெஸ் சார்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஏழாம் வகுப்பு முடித்து நான் எங்கள் ஊரான குண்டடத்திலிருந்து போன அந்த முறை, போன் மேசைமேல் சும்மா கிடந்தது. மாமா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அதென்ன அம்மிணி பண்ணிக்கிட்டு இருக்கற?" என்று கேட்டார்.

நான் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில், இன்டர்நெட்டிலேயே திறந்து ஆடுகிற விளையாட்டு அது. நமக்கென்று ஒரு குட்டி மனிதன் கிடைப்பான். காட்டுக்கு அனுப்பினால் மரம் வெட்டுவான், ஆற்றுக்கு அனுப்பினால் மீன் பிடிப்பான், மலைக்கு அனுப்பினால் சுரங்கத்தில் இரும்புக்கல் தோண்டுவான். கிடைத்ததைச் சந்தையில் விற்றால் தங்கக் காசு சேரும். வாங்குகிறவர்களும் எங்கெங்கோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆட்கள்தான்.

சுரங்கம்தான் லாபம் என்பது என் கட்சி. மீனைவிடக் கல்லுக்குப் பல மடங்கு காசு. மாமா ஒப்புக்கொள்ளவில்லை.

"கல்லு வெலைய மட்டும் பாக்கற நீயி. மலை வரைக்கும் நடக்கற நேரம்? கடப்பாரை தேஞ்சா புதுசு வாங்கோணுமல்ல? அவனுக்குப் பசிச்சாச் சோறு?"

"அதையெல்லாம் ஆருங் மாமா கணக்குல சேப்பாங்க?"

"ஒரு டீ-ஷர்ட்டுக்குத் துணி மட்டுமா செலவு? நூலு, சாயம், தையக்கூலி, அட்டப்பொட்டி, லாரின்னு அத்தனையும் போட்டாத்தான் கண்ணு, மிஞ்சுதா கையக் கடிக்குதான்னு தெரியும்."

அவருடைய கட்சி மீன். விலை குறைவுதான், ஆனால் ஆறு சந்தைக்குப் பக்கத்திலேயே ஓடியது. தூண்டில் தேய்வதில்லை. விற்காவிட்டால் நம் ஆளே தின்று பசியாறிக்கொள்ளலாம். விற்காத கல்லை என்ன செய்வாய் என்று அவர் கேட்டார். ஒரு பொருள் எப்படி விற்காமல் போகும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சீக்கிரமே ஒரு நாள் அதையும் பார்த்தேன். காலையில் சந்தையைத் திறந்தால் கல் விலை பாதிக்கும் கீழே கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"நல்ல வெலைன்னு கேள்விப்பட்டா எல்லாருந்தான் தோண்டுவாங்க. அப்பறம் வாங்கறவன் எந்திரிச்சுப் போயிட்டான்னா…" என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். சில நாட்களில் விலை மறுபடி ஏறியது. அதை நான் என் கட்சியின் வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

அத்தைக்கு இந்த ஆராய்ச்சி பிடிக்கவில்லை. காபி டம்ளரைச் சத்தம் வர வைத்துவிட்டு, "கொழந்தையோட சேந்து நீங்களும் கொழந்தையாட்டம் ஆயிட்டீங்க. நாலு பக்கம் போயி ஆர்டர் கேட்டாத் தேவலைங்க" என்பார்.

"கேக்காத எடம் பாக்கி இல்ல" என்பார் மாமா, மீனை இழுத்தபடி.

ஷெட்டில் பாதி விளக்குகள் எரியவில்லை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து வருஷக்கணக்காக மாமாவிடம் இருந்த சூப்பர்வைசர், ஓடாத மெஷின்களைத் துடைத்துத் துடைத்துத் துணி போர்த்திக்கொண்டிருப்பார். சாலைபோல நீண்டு கிடந்த இடத்தில் நான் துணி வண்டியை உருட்டி ஓடி விளையாடினேன். இந்த முறை கம்பெனி மிகவும் வசதியாக இருப்பதாக அம்மாவுக்குப் போனில் சொன்னேன். மாமா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று அம்மா கேட்டார்.

நான் ஊர் திரும்பும் வாரத்தில் ஒரு நாள் காலை, மாமாவே என்னைத் தேடி வந்தார்.

"வா அம்மிணி, இன்னிக்கு ஒரு பந்தயம். மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நான் மீனு, நீ கல்லு. ஆரு ஜாஸ்தி சேக்கறாங்கன்னு பாத்தர்லாம்."

ஆபீஸில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. இரண்டாவதில் வேலை பார்த்த அக்கா எப்போதோ நின்றுவிட்டதால் அது எனக்குக் கிடைத்தது. மாமா கதவைச் சாத்தினார். கண்ணாடித் தடுப்புக்கு எப்போதும் திறந்தே கிடக்கும் துணித் திரையை இழுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் வெளியே லாரி ஒன்று பின்னோக்கி வரும் சத்தமும், இரும்பைத் தரையில் இழுக்கும் சத்தமும் கேட்டன. நான் எழுந்தேன்.

"பந்தயத்துல எந்திரிச்சாத் தோத்த மாதிரி" என்றார் மாமா. உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு சூப்பர்வைசர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "மொதலாளி, தையல் மெஷின் எல்லாம் ஏத்தியாச்சு. அயர்ன் டேபிளும் வாங்குனவுகளுக்குத்தான? ஏத்திரவா?"

"ஏத்திருங்க." மாமா திரும்பவில்லை.

"நீங்க ஒருக்கா வந்து பாத்தீகன்னா…"

"நீங்களே பாத்து அனுப்பிருங்கண்ணா."

திறந்த கதவின் வழியாகப் பார்த்தேன். லாரியில் மெஷின்கள் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தன. பழசை விற்றுவிட்டுப் புதிதாக வாங்கப்போகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு தோண்டுவதில் இறங்கினேன்.

அன்று மாமா படு மோசமாக ஆடினார். தூண்டிலில் மீன் சிக்கித் துடிக்கும். அவருடைய ஆள் சும்மா நிற்பான். "மாமா, இழுங்க, இழுங்க!" என்று நான்தான் கத்த வேண்டியிருந்தது. திடுக்கிட்டு மவுஸை அழுத்துவார். அதற்குள் மீன் போயிருக்கும். லாரி கிளம்பி, அதன் சத்தம் மெயின்ரோட்டில் கலந்து தேய்ந்த பிறகுதான் அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

நான் அவரைவிட எவ்வளவோ அதிகம் சேர்த்திருந்தேன்.

"கல்லுதானுங் மாமா லாபம்?"

"ஆமா கண்ணு. நீ சொன்னதுதான் செரி. கெலிச்சுட்ட." என் தலையில் வைத்த கையை அவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்ததும் அத்தையிடம் அறிவித்தேன். "மாமா தோத்துப் போயிட்டாருங் அத்தை!"

பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி அப்படியே நின்றது. அத்தை மாமாவைப் பார்த்தார். மாமா தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்தார். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி சமையலறைக்குள் போய்விட்டார்.

ஒரு விளையாட்டில் தோற்றதற்குப் போய் யாராவது அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. நாளைக்கு மாமாவை ஜெயிக்க விட்டுவிடலாம் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டு, மாமாவிடம் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன்.