பத்து முழத்துக்கு மேல் அனுப்புவதில்லை

திருவொற்றியூர் தொழிற்சாலையில் தட்டச்சுச் செய்திகளைக் கம்பி வழியே அனுப்பிப் பெறும் டெலக்ஸ் அறைப் பொறுப்பை நான் ஏற்றபோது ஒரே இயந்திரம், ஒரே லைன். செய்தியை முதலில் காகித டேப்பில் துளையிட்டுக்கொண்டு, பிறகு லைன் போட்டு டேப்பை ஓடவிடுவோம். அது ஓடி முடிகிறவரை வெளியிலிருந்து யார் அழைத்தாலும் லைன் கிடைக்காது. நடுவில் கிழிந்தால் முதலிலிருந்து அனுப்ப வேண்டும்.

அதனால் வரம்பு வைத்தேன். ஒரு செய்திக்குப் பத்து முழம் டேப். மிஞ்சினால் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலைப்பிலும் 'நான்கில் ஒன்று', 'நான்கில் இரண்டு' என்று எண் போடுவேன். ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் லைனை விட்டு ஐந்து நிமிடம் காத்திருப்பேன்.

ராயபுரத்துக்காரரான ஷிப்பிங் கிளார்க் அந்தோணி முதல் நாளே கேலி செய்தார். "இன்னா மேடம், பூக்காரம்மா மாதிரி முழம் போட்டுகினு கீறீங்க?"

"கையைவிடச் சீக்கிரமா அளக்குற ஸ்கேல் இருந்தா கொண்டாங்க" என்றேன்.

ஒருநாள் காலை அவர் சிரிக்காமல் வந்து நின்றார். எங்கள் இரும்பு வார்ப்புகள் அடங்கிய பெட்டிகள் துறைமுகத்தில் கிடந்தன. கொழும்புக்கா, சிங்கப்பூருக்கா என்று பம்பாய் ஆபீஸ் டெலக்ஸில் சொன்னால்தான் பெட்டியில் ஊர்ப்பெயர் எழுதி ஏற்ற முடியும். மதியத்தோடு கப்பலில் சரக்கு ஏற்றுவது நின்றுவிடும்.

"போன தபா கப்பலை வுட்டதுக்கே மெமோ. இந்த தபா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க மேடம்."

அந்த நேரம் சேல்ஸ் மேனேஜர் கல்கத்தாவுக்கு அனுப்ப ஒரு டெண்டரோடு வந்தார். துளையிட்டு அளந்தேன். நாற்பது முழம்.

"துண்டு துண்டா அனுப்பினா நம்மள மதிப்பானாம்மா? ஒரே மூச்சுல அனுப்பு."

"நாலு பகுதியா போனாலும் மதியத்துக்குள்ள போயிடும் சார்."

"இங்க மேனேஜர் யாரு?"

"நீங்கதான் சார். லைன் என் பொறுப்பு."

முதல் பகுதி போனது. காத்திருந்தோம். இயந்திரத்தின் அழைப்பு மணி அடிக்கவில்லை. இரண்டாவது பகுதியும் போனது.

"பாரு, சும்மா உக்காந்திருக்கோம்" என்று மேனேஜர் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்தது. இயந்திரம் தானாகத் தட்டச்சு செய்யத் தொடங்கியது. பம்பாய். சிங்கப்பூருக்கு ஏற்றவும். அந்தோணி தாளைக் கிழித்துக்கொண்டு ஓடினார்.

மூன்றாவது பகுதியின் டேப் பாதியில் கிழிந்தது. அந்தப் பத்து முழத்தை மட்டும் மறுபடி துளையிட்டு அனுப்பினேன். மதியத்துக்கு முன் நான்கும் போய்ச் சேர்ந்தன.

அன்று மாலை திரும்பி வந்த அந்தோணியின் சட்டைக் கையெல்லாம் கறுப்புப் பெயின்ட். "பேர் எழுதுற ஆளுக்கு வெயிட் பண்ணல மேடம், நானே எழுதிட்டேன். அல்லாம் ஏத்தியாச்சு."

டெலக்ஸ் அறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வரம்பு போடும்போது உங்கள் எதிரே நின்று அவசரப்படுத்துகிறவரை மட்டும் பார்க்காதீர்கள். அதே லைனில் உள்ளே வரக் காத்திருக்கும் செய்தியையும் நினையுங்கள்.

அந்த வாரமே மேனேஜர் இன்னொரு டெண்டர் கொண்டுவந்தார். "இது எத்தனை முழம்மா வரும்?"

"பதினொண்ணு சார்."

நின்றபடியே பேனாவை எடுத்து ஒரு பத்தியை அடித்தார்.