மேலே ஒரு சீல், கீழே ஒரு சீல்

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் செல்லும் சாலையில், பேருந்து நடத்துநர்கள் ஊர்ப்பெயரை விட்டுவிட்டுப் "புல்வெட்டி, புல்வெட்டி!" என்று கூவி ஆள் இறக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே நிழற்குடை கிடையாது. சாவித்திரி அம்மையாரின் கொட்டகைதான் உண்டு. கொட்டகைக்குள் ஒரு டிராக்டர். அதன் முதுகில், ஆமையோட்டைப் போன்ற தகரத்துக்கடியில் கத்திகளை மறைத்து வைத்திருக்கும் சுழல் புல்வெட்டி. கணவர் வீரையன் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறார். "அங்க அவர் தூக்குறார், இங்க நான் வெட்டுறேன்" என்பதே, குடும்பத்தைப் பற்றிக் கேட்போர்க்கு அம்மையார் தரும் முழு வரலாறு.

ஆண்டுதோறும் பங்குனியில் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பவர் அவர். இவ்வாண்டு முழங்கால் இடங்கொடுக்கவில்லை. ஆகவே அம்மனோடு புதியதோர் உடன்பாடு செய்துகொண்டார்: குடத்துக்குப் பதிலாகத் திடல். அடியார்கள் வெறுங்காலோடு நடந்து வரும் கோயில் திடலில், இடுப்பளவு கோரையும் தொட்டாற்சுருங்கியும் மண்டிக் கிடந்தன. அதைத் தம் கையாலேயே வெட்டிக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டு, மஞ்சள் காப்பும் கட்டிக்கொண்டார். காப்புக் கட்டிய கை கவிச்சி தொடலாகாது. காப்புக் கட்டிய வாய் பொய் சொல்லலாகாது. முதலாவது அவருக்கு எளிது. இரண்டாவதிலும் குறை வந்ததில்லை என்றே அவர் இன்றளவும் சாதிக்கிறார்.

பால்குடத்துக்கு முந்திய நாளின் முந்திய நாள் மாலை, தென்னந்தோப்பொன்றில் வெட்டு முடித்துத் திரும்பிய புல்வெட்டி, வாசல் முதல் கொட்டகை வரை கருப்பாய்க் கோடு இழுத்துக்கொண்டே வந்தது. கியர்பெட்டியின் எண்ணெய். அந்நேரம் பார்த்து வந்து நின்றார் கோயில் நாட்டாண்மை நீலமேகம்.

"என்னம்மா இது, அம்மனுக்கு முன்னாடி உன் மெஷினுக்கு எண்ணெய் அபிஷேகமா?"

"காலையில சரி பண்ணிடுறேங்கய்யா."

"நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள திடல் வெட்டியாகணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. தியாகராசன் வண்டியோட தயாரா நிக்கிறார்."

"வேணாங்கய்யா. இது வாடகை வேலை இல்ல, என் வேண்டுதல்."

"வேண்டுதல் அம்மனுக்குப் புரியும். பால்குடம் எடுக்கிறவங்க காலுக்குப் புரியாதேம்மா!"

அவர் போனதும் அம்மையார் திருத்துறைப்பூண்டி மெக்கானிக் ராஜராஜனுக்குப் போன் செய்தார். "தம்பி, சீல் வைக்கணும். ரெண்டுமே. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. விடிஞ்சதும் வந்துடுங்க. இனி தாங்காது."

போனை வைத்துத் திரும்பினால், வேலியோரம் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு நிற்கிறார் தியாகராசன். ஊரில் புல்வெட்டி வைத்திருக்கும் இன்னொருவர். வைத்திருப்பவரே தவிர ஓட்டுபவரல்லர். ஓட்ட ஆள் உண்டு. அதன் அடிவயிற்றை அவர் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. ஆதலால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்துக்கும் சீல் என்றே பெயர் என்பது அவருக்குத் தெரியாது; சீல் என்றால் அவருக்கு அரக்கும் பூட்டும்தான். அதிலும், சென்ற வாரம்தான் பக்கத்து ஊரில் வாய்க்கால் கரையை வளைத்துக் கட்டிய கடையொன்றுக்கு அதிகாரிகள் சீல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"யாருக்குத் தங்கச்சி போன்?"

"திருத்துறைப்பூண்டிக்குண்ணே."

"என்னமோ சீலுன்னு காதுல விழுந்துச்சே."

"ஆமாண்ணே. நாளைக்குக் காலையில வந்து வச்சிடுறாங்க."

"எங்கெங்க?"

"மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

அவ்வூரில் தெருக்கள் இரண்டே: மேலத்தெரு, கீழத்தெரு. கீழத்தெருவின் கோடியில், வாய்க்கால் புறம்போக்கில் பாதி ஏறி நிற்பது தியாகராசனின் கொட்டகை. அவர் கண் கீழத்தெருப் பக்கம் ஓடியதைக் கண்டதும் அம்மையாருக்குச் சங்கதி விளங்கிவிட்டது. விளக்கிச் சொல்ல வாயெடுத்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டார். பொய் சொல்லலாகாது என்றுதான் விதி. கேட்டதற்கு மேல் சொல்ல வேண்டும் என்று விதியில்லை.

"கீழ எதுக்குத் தங்கச்சி?"

"கீழதாண்ணே ரொம்ப மோசம். மேலயாவது கொஞ்ச நாள் பொறுத்துக்கலாம்."

"யாரு சொல்லி வராங்க?"

"நான்தான் வரச் சொன்னேன். எத்தனை நாளைக்குக் கண்டும் காணாம இருக்கிறது?"

"முன்கூட்டி ஒரு நோட்டீஸ் குடுக்க வேணாமா?"

"குடுத்துக்கிட்டுதாண்ணே இருந்துச்சு. நாமதான் கவனிக்கல."

"அப்ப உள்ள இருக்கிறது?"

"உள்ள இருக்கிறத முன்னாடியே வெளிய எடுத்துடணும்ணே. இல்லன்னா வீணாப் போயிடும்."

இதைவிடத் துல்லியமான உண்மையை எந்த மெக்கானிக்கும் சொல்லியிருக்க முடியாது. எண்ணெயை வடிக்காமல் பெட்டியைத் திறந்தால் அத்தனையும் தரைக்குத்தான். தியாகராசனோ, நின்ற ஸ்கூட்டரைக் கிளப்ப மறந்து சிறிது தூரம் தள்ளிக்கொண்டே ஓடினார்.

விளக்கேற்றும் வேளையில் அவருடைய டிராக்டர், புல்வெட்டியைச் சுமந்துகொண்டு வேதாரண்யம் திசையில் போயிற்று. ஸ்டியரிங்கில் அவருடைய ஆள். பின்னால் ஸ்கூட்டரில் அவர்.

"எங்கண்ணே, மெஷினெல்லாம் கிளம்பிடுச்சு?"

"மச்சான் வீட்டுக்கு. சும்மா... கடல்காத்து வாங்கிட்டு வரட்டுமேன்னு."

"வாங்கட்டும்ணே. அதுக்கும் வேர்க்குமில்ல!"

மறுநாள் விடிந்ததும் ராஜராஜன் வந்தார். புல்வெட்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் பனங்கட்டைகளை முட்டுக் கொடுத்து, டிராக்டர் சாவியைப் பிடுங்கித் தம் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்ட பிறகே கைவைத்தார். எண்ணெயை வடித்தார். கத்தி மாட்டும் தட்டின் நட்டைக் கழற்ற இருவருமாக ஸ்பேனரில் தொங்க வேண்டியிருந்தது. தட்டு இறங்கியதும் குற்றவாளி அகப்பட்டது: தண்டைச் சுற்றி இறுகியிருந்த நைலான் இழை. ஆட்டுக்குப் பயந்து கத்திரிப் பாத்தியைச் சுற்றிப் பழைய மீன்வலை கட்டுவது அப்பக்கத்து வழக்கம். ஏதோ ஒரு தோப்பில் அந்த வலையைப் புல்வெட்டி விழுங்கியிருக்கிறது. இழை தண்டோடு சுழன்று சுழன்று சீலின் ரப்பர் உதட்டை அறுத்துவிட்டது.

"மீனே சாப்பிடாம விரதம் இருக்கேன். இது மட்டும் வலையோட தின்னுருக்கு பாருங்க" என்றார் அம்மையார்.

புதிய சீலுக்கு எண்ணெய் தடவி, சுருள்வில் உள்ள பக்கம் உள்நோக்க வைத்து, குழாய்த் துண்டொன்றைப் பொருத்திச் சுற்றிலும் சமமாகத் தட்டி உட்கார வைத்தார் ராஜராஜன். மேலேயும் அவ்வாறே. எண்ணெய் நிரப்பி ஓட்டிப் பார்த்தார்கள். சற்று நேரம் வறண்டிருந்தது. பிறகு கீழே ஒரு சொட்டு மெல்லத் திரண்டு விழுந்தது.

அந்தச் சொட்டு விழவும் நீலமேகம் வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது. பக்கத்தில், இரவே ஸ்கூட்டரில் ஊர் திரும்பிவிட்ட தியாகராசன்.

"போதும்மா. மத்தியானம் ஆயிடுச்சு. தியாகராசா, உன் வண்டிய எடு."

சாவித்திரி அம்மையாரின் முகம் அப்போதுதான் முதன்முறையாக வாடியது. தியாகராசன் தரையைப் பார்த்தார்.

"வண்டி வேதாரண்யத்துல இருக்குங்க."

"அங்க என்ன வேலை?"

"கடல்காத்து..."

"என்னது?"

"ஆளு போனை அணைச்சுட்டான். இப்ப நானே போய்க் கொண்டுவந்தாலும் வெட்டி முடிக்கப் பொழுது பத்தாது."

நீலமேகம் வானத்தைப் பார்த்தார். அந்த இடைவெளியில் அம்மையார் கியர்பெட்டியை மேலிருந்து கீழ்வரை துணியால் துடைத்து மறுபடியும் பார்த்தார். பெட்டியின் தலையில், உள்ளே சூடேறும் காற்றை வெளியே விடும் காற்றுப்போக்கியின் சிறு துளை சேற்றால் அடைபட்டிருந்தது. "தம்பி, இது மூச்சுவிட முடியாமத்தான் கீழ வேர்க்குது!" ராஜராஜன் தலையிலடித்துக்கொண்டு, கம்பியால் துளையைத் திறந்தார். புஸ்ஸென்று பெருமூச்சு. மீண்டும் ஓட்டினார்கள். சொட்டு இல்லை.

"பரவால்ல, சீல் பிடிச்சுக்கிச்சு" என்று பழைய சீலைத் தூக்கி எறியப்போனார் ராஜராஜன்.

தியாகராசன் அதைப் பிடுங்கினார். வளையல் அளவுக் கறுப்பு வளையம். "இதுவா சீல்?"

"இதுதாண்ணே. கீழது. ரொம்ப மோசம்னு சொன்னேனே" என்றார் அம்மையார்.

"காப்புக் கட்டிக்கிட்டு இப்படிப் பொய் சொல்லலாமா நீ?"

"எதுண்ணே பொய்?"

தியாகராசன் விரல் மடக்கிச் சொல்லத் தொடங்கினார். திருத்துறைப்பூண்டியிலேர்ந்து ஆளு வரும்னியே. ராஜராஜன் கையைத் தூக்கிக் காட்டினார். உள்ள இருக்கிறத எடுத்துடணும்னியே. வடித்த எண்ணெய் டப்பாவில் இருந்தது. அடுத்ததற்கு மடக்கிய விரலை அவரே நிமிர்த்திக்கொண்டார். நீலமேகம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "அது கெடக்கட்டும் தியாகராசா, சீலுன்னதும் நீ எதுக்கு ஓடின?" என்று கேட்டார். தியாகராசன் பழைய சீலைக் கீழே போட்டுவிட்டு வாசலைத் தாண்டினார்.

பொழுது சாயும்போது திடல் முழுவதும் வெட்டியாகிவிட்டது. பெண்கள் கூட்டி அள்ளினார்கள்.

மறுநாள் பால்குடம் எடுத்தவர்களில் தியாகராசனும் ஒருவர். மற்றவர்கள் அம்மனைப் பார்த்துக்கொண்டு நடக்க, அவர் மட்டும் ஒரு முள்ளாவது அகப்படாதா என்று தரையைத் தேடித்தேடி, வரிசையை விட்டு விலகி, வேலியோரம் வரை ஒரு சுற்றுப் போய்வந்தார். கோயில் வாசலில் நின்றிருந்த அம்மையார் கைகூப்பினார்.

"என்னண்ணே, கிடைச்சுதா?"

தியாகராசன் குடத்தை இறக்காமலே அவரை முறைத்தார். அதற்குமேல் முடியவில்லை, குலுங்கிச் சிரித்ததில் பால் தோளில் வழிந்தது.

"பாத்துண்ணே, ஒழுகுது!" என்றார் சாவித்திரி அம்மையார்.