நான் பிரித்த நான்கு நட்சத்திரங்கள்

என்னைப்போல ஒரு முட்டாளைக் கிள்ளானில் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்; பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரமப்பட வேண்டாம்.

எண்பதுகளின் கடைசி அது. மலேசியாவில், கிள்ளானை அடுத்த ஷா ஆலாமில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். மேனேஜரின் மனைவி சனிக்கிழமைகளில் ஜப்பானியக் கைத்தையல் சொல்லிக்கொடுத்தார். கருநீலத் துணியில் தடித்த வெள்ளை நூலால் சின்னச் சின்ன ஓட்டுத்தையல். கோடுகள் சேர்ந்து நட்சத்திரமாகவும் அலையாகவும் விரியும். பெயர் கொடுத்தவள் என் மனைவி. இரண்டாம் வாரமே பிள்ளைக்கு அம்மை போட்டுவிட, "துணியையும் ஊசியையும் திருப்பிக் குடுத்துட்டு வாங்க" என்று என்னை அனுப்பினாள். போன இடத்தில் தேநீரும் பிஸ்கட்டும் தந்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். பதினொரு பெண்களுக்கு நடுவே மீசை வைத்த ஒரே மாணவன். ஆறு மாதத்தில் தையல் நன்றாக வந்தது. தலைக்கனம் அதைவிட நன்றாக வந்தது.

எங்கள் வரிசையில் மூன்று வீடு தள்ளி ஒரு அக்கா இருந்தார். அவரும் அந்த வகுப்புக்குக் கொஞ்ச நாள் வந்தவர்தான். லோரி ஓட்டிக்கொண்டிருந்த கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட, வகுப்பை நிறுத்திவிட்டார். அந்த அண்ணன் நாள் முழுக்க ஹாலில் நாற்காலியில் இருப்பார். நான் வேலிக்கு வெளியே நின்று "என்னண்ணே, எப்படி?" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு நழுவிவிடுவேன். ஊரையே சிரிக்கவைக்கிறவனுக்கு அந்த வீட்டுக்குள் போய் என்ன பேசுவதென்று தெரியவில்லை. எட்டு மாதம் கழித்து அவர் இறந்த அன்றுதான் உள்ளே போனேன்.

முதல் வருடத் திதி நெருங்கியபோது அக்கா ஒரு துணியோடு வந்தார்.

"வகுப்புல குடுத்ததுதான் தம்பி. பாதியில நிக்குது. முடிச்சுக் குடுத்தீங்கன்னா அவரு படத்துக்குக் கீழ விரிச்சிருவேன்."

விரித்துப் பார்த்தேன். சாக்கால் வரைந்திருந்த பன்னிரண்டு நட்சத்திரங்களில் நான்குதான் தைத்திருந்தது. அதுவும் தையலா? ஒன்று நெல் அளவு, அடுத்தது விரல் நீளம், அதற்கடுத்தது கோட்டைவிட்டே ஓடிப்போயிருந்தது. போடவே கூடாத முடிச்சுகள் பின்பக்கம் மிளகு மிளகாக நின்றன. அக்கா வகுப்பில் சுமார்தான், இருந்தாலும் இவ்வளவா என்று உள்ளுக்குள் சிரித்தேன். அவரை அசத்திவிடலாம் என்று, ஒரு வார்த்தை கேட்காமல், முடிச்சுகளை வெட்டி நான்கையும் பிரித்துவிட்டேன். நூல் ஜப்பானிலிருந்து வருவது. வீணாக்க மனமில்லாமல் முழுசாக உருவி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்தேன். என் கஞ்சத்தனம் உருப்படியாக ஒரு வேலை செய்தது அப்போதுதான்.

திதிக்கு மூன்று நாள் முன்பு, பன்னிரண்டு நட்சத்திரங்களும் போலீஸ் அணிவகுப்பு மாதிரி நிற்க, கொண்டுபோய்க் கொடுத்தேன். சாக் கோடு போக அலசுவது மட்டும்தான் பாக்கி.

அக்கா ஒரு மூலையை விரலால் தடவினார்.

"இங்க கோணலா இருந்துச்சே தம்பி?"

"அதெல்லாம் பிரிச்சிட்டேன்க்கா. கோழி கிளறுன மாதிரி இருந்துச்சு லா!"

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. துணியை மடியில் வைத்துக்கொண்டார்.

"அது அவரு தச்சது. எடது கையால. காலையில நான் ஊசியில நூலைக் கோத்து வச்சிட்டு வேலைக்குப் போவேன். சாயந்தரம் வந்தா எடுத்துக் காட்டுவாரு."

ஒரே ஒரு நாள் அந்த வேலியைத் தாண்டி உள்ளே போயிருந்தால், அந்தத் துணியை அவர் மடியிலேயே பார்த்திருப்பேன்.

"அலசிறாதீங்கக்கா" என்று மட்டும் சொல்லி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அலசினால் ஊசித் துளைகள் மூடிவிடும்.

மறுநாள் லீவு போட்டேன். அந்த நான்கு நட்சத்திரங்களிலும் என் அழகான தையலைப் பிரித்தேன். துணியை ஜன்னல் வெயிலில் பிடித்தபோது இரண்டு வகைத் துளைகள் தெரிந்தன. கோட்டின்மேல் வரிசையாக நின்றவை என்னுடையவை. கோட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் தடுமாறியவை அவருடையவை. டின்னிலிருந்த பழைய நூலும் ஒவ்வொரு தையலின் நீளத்துக்கும் மடிந்த மடிப்பை விடவில்லை. மடிப்பையும் துளையையும் பொருத்திப் பொருத்தித் தைத்தேன். நாலு மணி வெயில் இறங்குவதற்குள் ஒன்றரை நட்சத்திரம்தான் ஆனது. இன்னொரு நாளும் லீவு.

தைக்கத் தைக்கத்தான் அவரைப் பார்த்தேன். முதல் நட்சத்திரம் முழுக்கத் தடுமாற்றம். இரண்டாவதில் ஒரு பக்கம் நேராகிறது. நான்காவது ஏறக்குறைய கோட்டின்மேலேயே வந்துவிட்டது. மனிதர் கற்றுக்கொண்டிருந்திருக்கிறார். ஐந்தாவதில் அவருடைய துளை ஒன்றுகூட இல்லை. வெட்டிய முடிச்சுகளை மட்டும் என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இப்போது பின்பக்கம் இருப்பவை நான் போட்டவை.

இன்றைக்கும் யாராவது பாதியில் நிற்கிற எதையாவது நீட்டினால், கை வைப்பதற்கு முன் "இது யார் செஞ்சது?" என்று கேட்டுவிடுகிறேன். உடம்பு முடியாதவர் இருக்கிற வீடென்றால், பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

திதியன்று காலையில் துணியைக் கொண்டுபோனேன். அக்கா அதை அண்ணனின் படத்துக்குக் கீழே விரித்து, குனிந்து, அந்த நான்கு நட்சத்திரங்களையும் வெகுநேரம் பார்த்தார்.

"சரியா வந்திருக்காக்கா?"

"கோணலாத்தான் இருக்கு. போதும்."