ஜூனில் வரவேண்டிய மாப்பிள்ளை

இரண்டு கம்ப்யூட்டர்களைப் பேசவைத்துப் பிழைக்கும் என் சகாக்களே, எல்லாவற்றிலும் ஒத்துப்போகும் அந்த இரண்டும் தேதி என்று வந்தால் மல்லுக்கு நிற்பதை நீங்களும் அனுபவித்திருப்பீர்கள்.

நாள்தான் முதலில்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் காரைக்காலில் ஒரு டிராவல்ஸுக்கு வெப்சைட் எழுதினேன். நாங்கள் அனுப்பும் தேதியை அமெரிக்காவிலிருந்த டிக்கெட் சர்வீஸ் வாங்கிக்கொள்ளும். அங்கே மாதம்தான் முதலில் வரவேண்டும் என்றேன். பிரெஞ்சுக் குடியுரிமைக்காரரான முதலாளி அந்துவானுக்கு அது கௌரவப் பிரச்சினை. பிரெஞ்சு வழக்கப்படி நாளை முதலில் போட்டு, ஒரு இருபத்தைந்தாம் தேதிக்கு அவரே சோதித்தார். இருபத்தைந்தாவது மாதம் கிடையாது என்பதால் அமெரிக்கா சரியாகவே புரிந்துகொண்டது.

"பாத்தீங்களா, வழிக்கு வந்துட்டான்" என்றார்.

விமான நிலையத்தில் காணோம்

பட்டினச்சேரியில் விசைப்படகு வைத்திருந்த சிங்காரவேலு, மகளுக்கு நிச்சயித்திருந்த பாரீஸ் மாப்பிள்ளைக்கு ஜூன் மூன்றுக்கு டிக்கெட் போட்டார். 03/06. அமெரிக்கா அதை மார்ச் ஆறு என்று படித்து டிக்கெட் போட்டுவிட, அன்றைக்கே எங்கள் கார் சென்னையில் போய் நின்றது. மாப்பிள்ளை இறங்கவில்லை என்று எங்கள் டிரைவர், சிங்காரவேலுவுக்குப் போன் செய்துவிட்டார்.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே ரகசியமாக வந்து எங்கே போனான் என்று அவருக்குச் சந்தேகம். அங்கே மாப்பிள்ளை போனை எடுக்கவில்லை. இங்கே பெண் சாப்பிடவில்லை. தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சோடு சிங்காரவேலு எங்கள் கடைக்கு வந்தார். நல்லவேளை, அப்போதுதான் பாரீஸிலிருந்து மாப்பிள்ளையின் போன் அவருக்கு வந்தது.

"வேலையில இருந்தேன் மாமா. ஜூன்லதானே வரச் சொன்னீங்க? இப்பவே வரணும்னாலும் வர்றேங்க."

பிறை சாட்சி

டிக்கெட்டை ஜூனுக்கு மாற்றிவிட்டு, உள்ளே அமெரிக்கா கேட்டபடி மாதம் முதலில், வெளியே வாடிக்கையாளர் பார்க்கும் இடத்தில் மாதம் எழுத்தில் என்று மாற்றி எழுதினேன். சிங்காரவேலு சமாதானமாகவில்லை. டிக்கெட்டில் பிறையும் வேண்டும் என்றார். "தேதியத்தான் திருப்பிப் போடுவீங்க, பிறையத் திருப்ப முடியாதுல்ல?"

கடலுக்குப் போகிறவர் கேட்டது நியாயமாகப் பட்டதால் அதையும் சேர்த்தேன். ஜூன் மூன்று, வளர்பிறை சப்தமி. அவர் முகம் தெளிந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். ஒப்பிட்டுக் காட்டுகிறேன் பேர்வழி என்று மார்ச் ஆறையும் தட்டினேன். அதுவும் வளர்பிறை சப்தமி! திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிறையையும் ஒங்க பக்கம் சேத்துக்கிட்டீங்களா தம்பி?"

மாப்பிள்ளை ஜூன் மூன்றில் ஒழுங்காக வந்து இறங்கினார். ஆனால் கல்யாணப் பத்திரிகையில் ஒரு எண்கூட இருக்கக் கூடாது என்று சொல்லி, முகூர்த்த நேரம் உட்பட எல்லாவற்றையும் எழுத்தாலேயே அச்சடிக்கவைத்தார் சிங்காரவேலு.