ரிசல்ட் நாளில் போன நெட்

அப்பா அப்போது இன்டர்நெட் விற்றுக்கொண்டிருந்தார். ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்தைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனால், ஒரு மருந்துக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவில் குறுகலான ஓர் அறை. அதில் பலகையால் தடுப்பு வைத்து, வரிசையாகச் சில கம்ப்யூட்டர்கள். வெளியே 'பிரவுசிங் சென்டர்' என்று போர்டு. இன்றைக்கு அந்தச் சொல்லைக் கல்லூரிப் பிள்ளைகளிடம் சொன்னால், அப்படி என்றால் என்ன என்று கேட்கிறார்கள்.

எல்லோருக்கும் தேவைப்பட்டது, யாருக்கும் நம்பிக்கை இல்லை. அதுதான் அப்பாவின் தொழில் நிலவரம். தடுப்புக்குள் திரைபோட்டு உட்காரும் இடத்துக்குப் பெண்பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்று தெருவில் பேச்சு வந்தது. அப்பா திரையைக் கழற்றினார், பலகையையும் பாதியாக அறுத்தார். பெண்பிள்ளைகள் அப்போதும் வரவில்லை. வந்துகொண்டிருந்த பையன்களும் நின்றுவிட்டார்கள். அமெரிக்காவில் பிள்ளை இருந்த ஒரு பெரியவர் மட்டும் வாராவாரம் வருவார். மடி ஆசாரம் பார்ப்பவர் என்பதால் மவுஸைத் தொடமாட்டார். தள்ளி உட்கார்ந்துகொண்டு, அப்பா பிள்ளையோடு பேசுகிற பக்கத்தைத் திறந்து கொடுத்ததும், "ஏன்டா, தளிகை ஆச்சா?" என்று சமையலை விசாரித்துத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். அவ்வளவு தூரத்துக்குக் கேட்கவேண்டும் அல்லவா. கேள்விக்குப் பதில் வருவதற்குள் கரண்ட் போய்விடும். அந்த வருஷங்களில் கரண்ட் இருக்கிற நேரத்தைத்தான் நாங்கள் செய்தியாகப் பேசிக்கொள்வோம். இன்வெர்ட்டர் கீச்சுக்கீச்சென்று கத்தத் தொடங்கினால் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். என் நினைவில் அவர் முகம் எப்போதும் தூக்கம் போதாதவர் முகம்தான்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் ஊரே அந்த அறைக்கு வரும். பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாள். இன்டர்நெட் என்றால் பிள்ளைகளைக் கெடுக்கிற சமாசாரம் என்று சொன்னவர்களும் அன்று ஹால் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு முண்டியடித்து நிற்பார்கள். மற்ற நாட்களில் கடையில் ஈ ஓட்டுகிற அப்பாவுக்கு அன்று சந்தோஷமாக இருக்கவேண்டும். ஆனால் அந்த வருஷம் அவர் காலையில் காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார். எனக்கு ஸ்கூல் லீவு. அடம்பிடித்து நானும் கூடப் போனேன். எனக்கு ஒன்பது வயது இருக்கும்.

பத்து மணிக்கு மேல் பக்கம் திறக்க ஆரம்பித்தது. திறந்தது என்று சொல்வது மரியாதைக்கு. மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடாக இறங்கியது. அப்பா நம்பரைத் தட்டுவார், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், பாஸ் என்றதும் ஒரு கூச்சல். யாரோ சாக்லேட் கொடுத்தார்கள். என் இரண்டு கன்னத்திலும் சாக்லேட் இருந்தது.

அப்புறம் அந்த அக்காவின் முறை வந்தது. ஒல்லியாக, பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, தனியாக வந்திருந்தாள். ஜீயபுரத்திலிருந்து பஸ் மாறி வந்து ஸ்ரீரங்கத்தில் படித்தவள். கூட யாரும் வரவில்லையா என்று அப்பா கேட்டார்.

"அம்மா காந்தி மார்க்கெட்ல வாழை இலை விக்கிறாங்க சார். காலைல வியாபாரம் விட்டுட்டு வர முடியாது."

அப்பா நம்பரைத் தட்டினார். கம்ப்யூட்டர் அவர் பக்கம் திரும்பியிருந்தது. நான் அவர் முட்டிக்குப் பக்கத்தில், மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். அவர் கால் திடீரென்று அசைந்தது மட்டும் தெரிந்தது.

"நெட் போயிடுச்சு" என்றார்.

கும்பலில் ஒரே சத்தம். இப்பத்தானே சார் வந்துச்சு, என் பொண்ணு நம்பரை மட்டும் பாத்துடுங்க சார், என்ன கடை சார் நடத்துறீங்க. அடுத்த தெருவில் புதிதாக இன்னொரு சென்டர் திறந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆட்கள் அங்கே ஓடினார்கள். அந்த அக்காவும் எழுந்தாள்.

"நீ இரும்மா" என்றார் அப்பா. "அங்க கூட்டமா இருக்கும். இங்க இப்ப வந்துடும்."

அவளை உட்காரவைத்து டீ வரவழைத்தார். பிறகு வாசலுக்குப் போய், எதிரே ஸ்டாண்டில் இருந்த ஆட்டோக்காரரிடம் ஏதோ தணிந்த குரலில் சொன்னார். ஆட்டோ கிளம்பிப் போனது. அப்பா உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டார். அவள் டீயைத் தொடவில்லை.

எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. எங்கள் கடைக்கு வந்த கூட்டம் இன்னொரு கடைக்குப் போகிறது. அப்பாவுக்கு நெட்டைச் சரிசெய்யத் தெரியவில்லை. நான் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். மோடத்தில் செருகியிருந்த ஒயர் கழன்று தரையில் கிடந்தது. எடுத்து மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது.

"அப்பா! நெட் வந்துடுச்சு! ஒயர்தான் கழண்டு கிடந்துச்சு!"

அப்பா என்னை அதுவரை அதட்டியதே இல்லை. "சும்மா இரு கழுதை!" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்து, ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். நான் அழக்கூட மறந்துவிட்டேன்.

அந்த அக்கா ஒயரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். ஹால் டிக்கெட்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் வரேன் சார். எனக்குத் தெரிஞ்சுடுச்சு."

"என்ன தெரிஞ்சுது உனக்கு? எனக்கே ஒண்ணும் தெரியல. நெட் இல்லம்மா. உங்க அம்மா வராங்க. வந்ததும் சேர்ந்து பாக்கலாம்."

"அம்மாவையா? ஏன் சார் கூப்பிட்டீங்க? அவங்ககிட்ட நான் என்ன சொல்றது?"

"நீ சொல்ல வேணாம். நான் சொல்றேன். நீ உக்காரு."

அவள் உட்காரவில்லை. அப்பாவும் வழிவிடவில்லை. அந்தச் சின்ன அறையில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றுகொண்டிருந்தார்கள். மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது. ஒரு கட்டத்தில் அப்பா, "கால் வலிக்குதும்மா. நீ உக்காந்தா நானும் உக்காருவேன்" என்றார், கெஞ்சுகிற மாதிரி. அவள் உட்கார்ந்தாள். அப்பா வாசற்படியில் உட்கார்ந்தார்.

ஆட்டோ வந்து நின்றது. இறங்கிய அம்மாளின் சேலையெல்லாம் வாழைக்கறை. செருப்புகூடப் போட்டுக்கொள்ளாமல் ஏறி வந்திருந்தார். நேராக மகளிடம் போய் முகத்தையும் கையையும் தடவிப் பார்த்தார்.

"என்ன சார், என் புள்ளைக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கு." அப்பா ஒயரை மாட்டினார். பக்கம் மெதுவாக இறங்கியது. "ஒரு பாடம் போயிருக்கு. பிசிக்ஸ். மத்ததெல்லாம் நல்ல மார்க்."

"போயிருக்குன்னா?"

"ஃபெயில்மா" என்றாள் அந்த அக்கா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரையே பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்று நினைக்கிறேன்.

"திருப்பி எழுத முடியாதா சார்?"

"அடுத்த மாசமே எழுதலாம்மா. இந்த வருஷமே காலேஜ் சேந்துடலாம்."

"அட பாவி மனுஷா!" என்று அந்த அம்மாள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு பெஞ்சில் சரிந்தார். "இதுக்கா ஆட்டோ அனுப்பிக் கூப்பிட்டீங்க? பஸ்ஸுல அடிபட்டுட்டாளோ, என்னமோ ஏதோன்னு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு எனக்கு. கட்டு கட்டா இலையை அப்படியே போட்டுட்டு ஓடியாறேன்." மகளின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அடித்த கையாலேயே இழுத்து அணைத்துக்கொண்டார். அப்போதுதான் அந்த அக்கா அழுதாள். அழுகை என்றால் அப்படி ஓர் அழுகை. பாத்திரக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவர்கள் போன பிறகு அப்பா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கூட்டம் திரும்பி வரவில்லை. அந்தக் கடையில் நெட் நிற்காது என்ற பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது. அடுத்த வருஷ ரிசல்ட்டுக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்குச் சில வருஷம் கழித்து எல்லார் கையிலும் போன் வந்தது, மடிப் பெரியவர் கையிலும்தான். அப்பா கடையைக் காலிசெய்துவிட்டு ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அதைப் பற்றி அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. வருத்தப்படவும் தெம்பு வேண்டும்.

நான் வேலைக்குப் போன பிறகு ஒருநாள் என் அம்மாதான் சொன்னார். அந்தச் சம்பவத்துக்கு முந்தைய வருஷ ரிசல்ட் அன்று இன்னொரு பெண் தனியாக வந்திருக்கிறாள். பின்னால் வரிசை நெருக்கிக்கொண்டிருந்தது. அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஃபெயில்மா, அடுத்தது யாரு?" என்று கேட்டிருக்கிறார். அவள் "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். மறுநாள் பேப்பரில் பள்ளிச் சீருடையோடு அவள் படம் வந்தது. அப்பா அந்தப் பேப்பரை அம்மாவிடம் நீட்டி, "இது என்கிட்ட தேங்க்ஸ் சொல்லிச்சு" என்றாராம்.

எனக்கு அதெல்லாம் தெரியாது. நெட் போன அன்று மாலை அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வீட்டுக்குத் திரும்பக் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது, நான் அவரை மன்னித்துவிடுவது என்று பெரிய மனது பண்ணினேன். அடுத்த தெருக் கடைக்காரரிடம் போய் நெட் எப்படிப் போகாமல் பார்த்துக்கொள்வது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி புத்தி சொன்னேன். பாலத்து மேட்டில் மூச்சுவாங்க மிதித்துக்கொண்டிருந்தவர், திரும்பிப் பார்க்காமலே, "கேட்டுக்கறேன்மா" என்றார்.